கைமாறு

வில்லிவாக்கம். விடிகாலை 5 மணி. மழை ஓய்ந்து, பால்கனிக் கம்பியில் நீர் சொட்டுகிறது. தெருவில் ஒரே ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது.

ஹாலில் சோபா கிடந்த இடத்தில் இப்போது இரும்புக் கட்டில். காலடியில் தலைப்பக்கத்தை உயர்த்துவதற்கான கைப்பிடி. மேலே ஏர் பெட். அதன் மோட்டார் விடாமல் முனகுகிறது. கட்டிலில் 82 வயது அம்மா. கணவர் ஐ.சி.எஃப்.பில் ரயில் பெட்டிகள் செய்தவர். எதிர்ச் சுவரில் சந்தன மாலையோடு இருக்கிறார்.

கட்டிலை ஒட்டித் தரையில் ஒரு பாய். நீலக் கோட் போட்ட பெண் அதிலிருந்து எழுகிறார். அலாரம் அடிக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பே எழுப்பிவிடுகிறது.

ஒரு கை அம்மாவின் தோளில். ஒரு கை இடுப்பில். "திரும்பலாமாம்மா?" பதிலுக்குச் சற்றுக் காத்திருக்கிறார். பதில் வராது என்று தெரியும். ஆனாலும் காத்திருக்கிறார். பிறகு ஒரே சீராகத் திருப்புகிறார். முதுகுக்கு ஒரு தலையணை. முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. குதிகால் மெத்தையில் படாதபடி சுருட்டிய துண்டு.

முதுகின் அடியில், வால் எலும்பின் மேல் தோலை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார். விரலால் அழுத்துகிறார். தோல் வெளுக்கிறது. விரலை எடுத்ததும் சிவக்கிறது. சரி. புண் இல்லை.

மேசை மேல் நீள நோட்டு. கயிற்றில் கட்டிய பேனா. எழுதுகிறார்: 5.00 – இடது பக்கம்.

இந்த வீட்டில் அவருக்குப் பெயர் சிஸ்டர். நர்ஸிங் படித்தவர் அல்லர். எட்டாம் வகுப்பு. கற்றதெல்லாம் இப்படிப்பட்ட கட்டில்களின் ஓரத்தில்.

நோட்டின் முன்பக்கங்களில் பி.பி., சுகர், சிறுநீர், மாத்திரை. கடைசிப் பக்கம் வேறு கையெழுத்தில் இருக்கிறது. மகளின் கையெழுத்து. எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்கின்றன.

ஏஜென்சி 27,000. பிசியோ 6,000. டயப்பர் 3,150. இதர செலவு 1,850. மொத்தம் 38,000.

குடும்ப ஓய்வூதியம் 20,856. மீதி 17,144.

மீதிக்குக் கீழே மூன்று கட்டங்கள். பெரியவன், டெக்சாஸ்: 8,572. சின்னவன், புனே: 8,572. மூன்றாவது கட்டத்தில் மகளின் பெயரின் முதலெழுத்து. அதற்கு நேரே ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

மகளுக்கு 54 வயது. 22 வருஷம் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அம்மா விழுந்த மாதம் விடுப்பு எடுத்தார். விடுப்பு முடிந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். பள்ளியின் அடையாள அட்டை ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணியில், மாடிச் சாவியோடு தொங்குகிறது.

7.30. செல்போன் அதிர்கிறது. டெக்சாஸில் முந்தின நாள் இரவு 8 மணி. மகள் திரையை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடிக்கிறார்.

"அம்மா, சாப்டியாம்மா?"

அம்மா திரையைப் பார்க்கிறார். பிறகு மின்விசிறியைப் பார்க்கிறார்.

"பணம் வந்துதா?"

"வந்துடுத்து."

"வேற ஏதாவது வேணுமா?"

மகளின் இடது கை இடுப்பின் பின்பக்கத்தை அழுத்திக்கொள்கிறது. "ஒண்ணும் வேணாம்டா."

9.30. தபால்காரர் வருகிறார். செருப்பை வாசலில் விட்டு, ரெயின்கோட்டைக் கதவில் மாட்டுகிறார். பையிலிருந்து செல்போனும் விரல்ரேகைக் கருவியும் வெளியே வருகின்றன. நவம்பர் மாதம். லைஃப் சர்டிபிகேட்.

80 வயது முடிந்தால் குடும்ப ஓய்வூதியம் 20 சதவீதம் கூடுகிறது. 85இல் 30. 90இல் 40. 95இல் 50. நூறைத் தொட்டால் இரண்டு மடங்கு. அதற்கு வருஷத்துக்கு ஒருமுறை, உயிரோடு இருப்பதைக் காட்டியாக வேண்டும். 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே காட்டலாம். அக்டோபர் முழுக்க அம்மாவுக்குக் காய்ச்சல்.

வலது கட்டைவிரல். சிவப்பு விளக்கு. ஈரத்துணியால் துடைத்து இன்னொரு முறை. சிவப்பு. ஆள்காட்டி விரல். சிவப்பு. இந்த விரல்கள் அறுபது வருஷம் புளி கரைத்து, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்தவை.

"முகத்தை வெச்சுப் பாத்துடலாம்," என்கிறார் தபால்காரர். கட்டிலின் தலைப்பக்கம் உயர்கிறது. சிஸ்டர் அம்மாவின் நெற்றி முடியை ஒதுக்கி, ஒரு சின்னப் பொட்டு வைக்கிறார்.

"கண்ண மூடித் திறங்கம்மா."

அம்மா இமைக்காமல் பார்க்கிறார். திரையில் ஒரு வட்டம் காத்திருக்கிறது. தபால்காரர் காத்திருக்கிறார். மகள் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறார். சிஸ்டர் பக்கவாட்டில் குனிந்து அம்மாவின் இமை மேல் லேசாக ஊதுகிறார்.

இமை மூடுகிறது. திறக்கிறது. வட்டம் பச்சையாகிறது.

மகளின் செல்போனில் குறுஞ்செய்தி. அம்மா இன்னும் ஒரு வருஷத்துக்கு உயிரோடு இருக்கிறார். கட்டணம் 70 ரூபாய். மகள் நூறு ரூபாய் கொடுக்கிறார். தபால்காரர் மீதி 30 ரூபாயை எண்ணி மேசையில் வைத்துவிட்டு, கட்டிலைப் பார்த்துக் கைகூப்பிப் போகிறார்.

10.30. மாற்று சிஸ்டர் வருகிறார். அதே நீலக் கோட். தோளில் பெரிய பை. 24 மணி நேர வேலைக்கு மாதத்தில் இரண்டு நாள் லீவு. பழையவர் புதியவருக்குக் காட்டுகிறார். கஞ்சி எவ்வளவு தண்ணியாக. எந்தத் தோள் வலிக்கும். எந்தப் பாட்டு போட்டால் அழுகை நிற்கும்.

அம்மாவின் விரல்கள் நீலக் கோட்டின் ஓரத்தைப் பிடித்திருக்கின்றன. சிஸ்டர் ஒவ்வொரு விரலாக எடுத்துவிடுகிறார்.

"நாளன்னிக்கு வந்துடுவேம்மா."

வாசலில் அவருடைய பை. மகள் ஒன்றும் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் கவரை அதற்குள் திணிக்கிறார். உள்ளே நான்கு டயப்பர்கள். சிஸ்டர் பார்க்கிறார். இருவரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு செருப்பு மாட்டுகிறார்கள். ஒருவர் பஸ்ஸுக்கு. ஒருவர் பால் பூத்துக்கு.

ஏஜென்சி. செல்போன் கடையின் மாடி. குறுகிய படிக்கட்டு. பெஞ்சில் ஆறு பெண்கள். ஆறு மடிகளில் ஆறு பைகள். வெள்ளைப் பலகையில் இரண்டு பத்திகள்: 12 மணி, 24 மணி. அலமாரியில் ஆதார் நகல்கள் கட்டுக் கட்டாக.

மேசையில் இருக்கும் பெண் போனில் பேசுகிறார். "இருக்காங்க சார். தமிழ்தான். நாப்பதுக்குள்ளதான். சமையலும் பண்ணுவாங்க... என்ன ஆளுங்கன்னா..." குரல் தாழ்கிறது. பெஞ்சில் இருக்கும் ஆறு பேரும் தரை ஓட்டைப் பார்க்கிறார்கள். "நல்ல சுத்தமான பொண்ணு சார். இன்னிக்கே அனுப்பறேன்."

"நாப்பத்தேழு."

சிஸ்டர் எழுந்து போகிறார். பதிவேட்டில் அவர் எண் 47. சம்பளம் 17,000. அட்வான்ஸ் கழிவு 2,000. கைக்கு 15,000. மேசையில் பில் புக் திறந்து கிடக்கிறது. கார்பன் தாளின் நீல எழுத்தில் வில்லிவாக்கம், 27,000. சிஸ்டரின் கண் அதன் மேல் ஒரு நொடி நின்று நகர்கிறது.

முப்பது ஐநூறு ரூபாய்த் தாள்கள். இரண்டு முறை எண்ணுகிறார். கைக்குட்டையில் சுற்றுகிறார். சுவர்ப் பக்கம் திரும்பி, ரவிக்கைக்குள் வைக்கிறார். கையெழுத்துப் போடுகிறார். மெதுவாக, எழுத்தெழுத்தாக, முழுப் பெயர்.

கிளாம்பாக்கம் வரை மாநகரப் பேருந்து. சாதாரணக் கட்டண பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லாச் சீட்டு. இதற்காக இரண்டு பஸ்களை விட்டுவிட்டு நிற்கிறார். அங்கிருந்து செஞ்சி பஸ். அதற்குக் காசு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் தூங்கிப்போகிறார். திண்டிவனம் நெருங்கும்போது கை திடுக்கென்று பக்கத்தில் துழாவுகிறது. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. பக்கத்தில் கட்டில் இல்லை. கண்ணைத் திறந்து, பையைத் தொட்டுப் பார்த்து, மறுபடி மூடுகிறார்.

திண்டிவனத்தில் ஒரு பெரியவர் ஏறுகிறார். மஞ்சப் பை. வெளுத்த வேட்டி. எதிர் வரிசையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுக்கிறார். மடிப்பு கலையாத தாள். கீழே ரப்பர் ஸ்டாம்பு. சார் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வருகிறார்.

தாளைத் தள்ளிப் பிடிக்கிறார். கிட்டே பிடிக்கிறார். கடைசியில் இந்தப் பக்கம் நீட்டுகிறார். "கண்ணாடி ஒடஞ்சிபோச்சும்மா. எந்தத் தேதின்னு போட்டிருக்காங்க?"

சிஸ்டர் படிக்கிறார். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. மனுதாரர் தகப்பனார். எதிர்மனுதாரர் மகன். பிரதி மாதம் 10ஆம் தேதிக்குள் 3,000 ரூபாய்.

"பத்தாந்தேதி."

"பத்தா?"

"பத்து."

அந்தச் சட்டத்தில் பத்தாயிரம் ரூபாய் வரை மாதப் பராமரிப்புத் தொகை விதிக்கலாம். பெரியவர் கேட்டது அவ்வளவு இல்லை. தாளை வாங்கி மடிக்கிறார். நான்காக. எட்டாக.

"நெலத்த தான செட்டில்மெண்ட் எழுதிக் குடுத்தது ஒரே நாளு. ஒரே கையெழுத்து," என்கிறார். "இதுக்கு ஆறு தடவ வந்துட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே செஞ்சிக் கோட்டையின் மலை தெரிகிறது. பெரியவர் இறங்கும் முன் திரும்பி ஒருமுறை கேட்கிறார். "பத்துதான?"

"பத்துதாங்க."

செஞ்சியிலிருந்து டவுன் பஸ். மறுபடி கட்டணமில்லாச் சீட்டு. ஊருக்குள் இறங்கும்போது இருட்டிவிட்டது. தொகுப்பு வீடு. வாசலில் நாய் எழுந்து வாலாட்டுகிறது.

உள்ளே கயிற்றுக் கட்டில். கட்டிலில் இன்னொரு அம்மா. 74 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. தலைமாட்டில் ஆணியில் ஒரு துணிப்பை. அதில் மக்களைத் தேடி மருத்துவத்தில் கொடுத்த பிரஷர் மாத்திரையும், ஓர் அட்டையும். அட்டையில் சுகாதாரப் பணியாளர் வந்த தேதிகள். பிசியோ வந்த தேதிகள். பிசியோவுக்குக் காசில்லை. இரண்டு தேதிகளுக்கு நடுவில் நிறைய நாட்கள் இருக்கின்றன.

பதினோராம் வகுப்பு படிக்கும் பெண் அடுப்படியிலிருந்து வருகிறாள். கையில் மாவு. "எம்மா, பஸ்ஸு லேட்டா?"

அவளுடைய நாள் 5 மணிக்குத் தொடங்குகிறது. ஆயாவுக்குத் துணி மாற்றுகிறாள். துடைக்கிறாள். கஞ்சி ஊட்டுகிறாள். 8 மணி பஸ்ஸில் பள்ளிக்கூடம். மத்தியானம் பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்க்கிறார். சாயங்காலம் மறுபடி இவள். அத்தைக்குச் சம்பளம் கிடையாது. சிஸ்டர் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் காராசேவு. இன்றும் இருக்கிறது.

பையிலிருந்து டயப்பர் கவர் வெளியே வருகிறது. பெண் எண்ணிப் பார்க்கிறாள். நான்கு. பரணில் ஏற்றி வைக்கிறாள். "செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போறப்ப போட்டுக்கலாம்." கட்டிலில் விரித்திருப்பது பழைய சேலைத் துணி. தீபாவளிக்கு முதியோர் பணத்தோடு வந்த இலவசச் சேலை இன்னும் கிழிக்கப்படவில்லை. மடித்து வைத்திருக்கிறது.

சிஸ்டர் கை கழுவிக்கொண்டு வருகிறார். "திரும்பலாமா எம்மா?" சற்றுக் காத்திருக்கிறார்.

"ம்," என்கிறார் அம்மா.

திருப்பி, சேலையை விலக்கி, செல்போன் வெளிச்சத்தில் பார்க்கிறார். வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய்க் காசு அளவு சிவப்பு. விரலால் அழுத்துகிறார். எடுக்கிறார். தோல் வெளுக்கவில்லை. சிவப்பு அப்படியே இருக்கிறது.

சிஸ்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் தோசை கருகும் வாசனை வருகிறது.

"இங்க வா," என்கிறார் மகளிடம். "கைய இப்டி வை. தோள்ல ஒண்ணு. இடுப்புல ஒண்ணு. இழுக்காத. உருட்டு." பெண் உருட்டுகிறாள். "முதுகுக்கு." தலையணை ஒன்றுதான் இருக்கிறது. அது முதுகுக்குப் போகிறது. முழங்காலுக்குச் சுருட்டிய சேலை. குதிகாலுக்குப் பள்ளிக்கூடத்துப் பழைய பாவாடை. "ரெண்டு மணிக்கு ஒருக்கா."

"ராத்திரியுமா?"

"ராத்திரியும்."

பெண் தலையாட்டுகிறாள். அன்று ராத்திரி அவள் எழவில்லை. 11, 1, 3 என்று தரையில் விரித்த பாயிலிருந்து எழுவது சிஸ்டர்தான்.

மறுநாள் காலை 9. பள்ளிக்கூடம் லீவு. ஊராட்சி அலுவலகத்து வேப்பமரத்தடி. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் மிஷின்காரர். மடியில் கைரேகைக் கருவி. எதிரில் மண்ணில் உட்கார்ந்து பதினேழு பேர். ஒவ்வொருவர் கையிலும் பாஸ்புக். சிலருடையதில் ரப்பர் பேண்டு.

முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். 1962இல் இந்த மாநிலத்தில் இது தொடங்கியபோது 20 ரூபாய். ஆயிரமாக இருந்தது 2023இல் 1,200 ஆனது. இந்திரா காந்தி பெயரில் இருக்கும் தேசியத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு, 80 வயது வரை இதில் மத்திய அரசின் பங்கு 200. மரத்தடியில் யாரும் பங்கு பிரித்துப் பார்ப்பதில்லை. விரல் வைக்கிறார்கள். பீப் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசி ஆளுக்குக் கொடுத்து முடித்ததும் மிஷின்காரர் தொகுப்பு வீட்டுக்கு நடந்து வருகிறார். நடக்க முடியாதவர்கள் இந்தத் தெருவில் மூன்று பேர்.

வலது கட்டைவிரல். எடுக்கவில்லை. பெண் தேங்காயெண்ணெய் தடவித் துடைக்கிறாள். எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல். நடுவிரல். நாற்று நட்டு, களை எடுத்து, மல்லாட்டை பிடுங்கித் தேய்ந்த கை. ரேகை இருந்த இடம் வழவழப்பாக இருக்கிறது.

"இன்னும் ஒரு தடவதான் பாக்கலாம்," என்கிறார் மிஷின்காரர். "அப்புறம் நாளைக்குத்தான்."

சிஸ்டர் இடது கையை எடுக்கிறார். இரண்டு வருஷமாக மூடியே இருக்கும் கை. மணிக்கட்டைத் தாங்கி, உள்ளங்கையை நீவி, ஒவ்வொரு விரலாகத் திறக்கிறார். கட்டைவிரல் வெளியே வருகிறது. இந்தக் கை இரண்டு வருஷமாக ஒரு வேலையும் செய்யவில்லை. தோல் குழந்தையுடையது போல மெத்தென்று இருக்கிறது. வரிகள் தெளிவாகத் தெரிகின்றன.

கருவியில் வைக்கிறார்.

பீப்.

இரண்டு ஐநூறு. இரண்டு நூறு. மிஷின்காரர் பணத்தை அம்மாவின் வலது கையில் கொடுக்கிறார். அம்மா வாங்கி, எண்ணாமல், பேத்தியிடம் நீட்டுகிறார். பேத்தி போர்ன்விட்டா டப்பாவில் போடுகிறாள். டப்பாவில் ஏற்கெனவே கைக்குட்டை மூட்டை இருக்கிறது. குழுக் கடன் தவணைக்கு ஒரு பங்கு ஏற்கெனவே தனியாக, கீழே, காகிதத்தில் சுற்றி இருக்கிறது.

அடுத்த நாள் விடியுமுன் சிஸ்டர் கிளம்பிவிடுகிறார். நீலக் கோட் பைக்குள் மடித்திருக்கிறது. வாசல் வரை வந்த மகளின் தலையைத் தடவுகிறார். முதல் பஸ்ஸின் வெளிச்சம் புளியமரங்களில் பட்டுத் திரும்புகிறது.

பெண் உள்ளே வருகிறாள். தோளில் ஒரு கை. இடுப்பில் ஒரு கை. உருட்டுகிறாள். இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து எழுதுகிறாள்: 5.00 – இடது பக்கம்.

குளித்து, பின்னல் போட்டு, 7.00 – வலது பக்கம்.

நோட்டைக் கட்டிலின் கயிற்றில் செருகி வைக்கிறாள். பென்சிலையும். 8 மணி பஸ்ஸுக்கு ஓடுகிறாள். இயற்பியலுக்கு இன்று வேறு நோட்டில் எழுதுவாள்.

மத்தியானம் பக்கத்து வீட்டு அத்தை வருகிறார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொள்கிறார். கஞ்சி ஊட்டுகிறார். வாயைத் துடைக்கிறார். பெண் சொல்லிக் கொடுத்தபடி தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து உருட்டுகிறார். சேலைச் சுருளை முழங்காலுக்கு நடுவில் வைக்கிறார். சரியாக இருக்கிறதா என்று எட்டி நின்று பார்க்கிறார்.

பிறகு நோட்டை எடுக்கிறார். அத்தைக்கு எழுதத் தெரியாது. பென்சிலை முஷ்டியில் பிடித்து, பெண்ணின் எழுத்துக்குக் கீழே அழுத்தி ஒரு கோடு போடுகிறார்.